இரண்டாவது கண்
புதுச்சேரியில் காது, மூக்கு, தொண்டை மருத்துவர்கள் தொடர்ந்து கற்ற கதை

எங்கள் துறையில் பார்ப்பவர் வெகுகாலம் ஒருவராகவே இருந்தார். வயிற்றைத் திறந்தால் மேசையைச் சுற்றி நிற்கும் ஐந்து பேரும் உள்ளே இருப்பதைப் பார்த்துவிடலாம். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து வகுப்பு முழுவதற்கும் காட்டலாம். காதில் அதற்கு வழியில்லை. சுண்டுவிரல் நுனிகூட முழுதாக நுழையாத துளை, அதற்குள் இரண்டரை சென்டிமீட்டர் நீளத்துக்கு வளைந்து போகும் பாதை, அதன் கடைசியில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு சவ்வு. நெற்றியில் கட்டிய வட்டக் கண்ணாடியின் நடுத்துளை வழியாகப் பேராசிரியர் பார்ப்பார். "பின்பக்கம் மேலே ஓட்டை, விளிம்பில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது" என்பார். நாங்கள் எழுதிக்கொள்வோம். எங்கள் முறை வருவதற்குள் நோயாளி தலையைத் திருப்பியிருப்பார், வெளிச்சம் நகர்ந்திருக்கும், கண்ணுக்குப் படுவது முடியும் குறும்பியும்தான். தெரிந்தது சார் என்று சொல்லிவிட்டு நகர்ந்த நாள்கள் எனக்கு உண்டு. அப்படிச் சொன்ன ஒவ்வொரு முறையும் ஒரு காது எனக்குத் தெரியாமலே போயிற்று.

புதுச்சேரியில் இ.என்.டி. மருத்துவர்களின் தொடர்கல்வி வரலாற்றை எழுதித் தரும்படி இந்தச் சிறப்பு மலரின் குழுவினர் கேட்டார்கள். எந்த ஆண்டு யார் தலைமை, எத்தனை பேர் வந்தார்கள் என்பதெல்லாம் பழைய அழைப்பிதழ்களில் இருக்கிறது. அதை நான் திரும்ப எழுதப்போவதில்லை. ஒருவர் பார்த்ததை இன்னொருவரும் பார்க்கும்படி செய்வதற்கு இருநூறு ஆண்டுகளாக நடந்துவரும் பாடு என்றே இந்த வரலாறு எனக்குத் தோன்றுகிறது. அதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

பிரெஞ்சு அரசு புதுச்சேரியில் 'எக்கோல் தெ மெத்சின்' என்ற மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது 1823இல். சென்னையில் மருத்துவப் பள்ளி வருவதற்கு இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன. பிரெஞ்சுக் கடற்படையின் மருத்துவர்கள் ஊரின் நடுவே இருந்த அந்தப் பள்ளியில் பாடம் நடத்தினார்கள். படித்து முடித்தவர்கள் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட கடல்கடந்த நாடுகளில் மருத்துவம் செய்யலாம். பிரான்சிலேயே செய்ய விரும்பினால் போர்தோ நகரின் மருத்துவப் புலத்தில் மேலும் ஓராண்டு பயிற்சி பெற்றாக வேண்டும். பட்டம் கையில் இருந்தாலும் இன்னோர் ஊரில், இன்னோர் ஆசிரியரின் பக்கத்தில் போய் உட்கார்ந்து வா என்று சொன்ன அந்த ஒரு வரி விதியில்தான் நம் ஊர்த் தொடர்கல்வியின் வேர் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்தக் காலத்தில் இ.என்.டி. என்று தனித்துறை கிடையாது. ஆனால் அது உருவாகிக்கொண்டிருந்த இடங்களில் முக்கியமானது பிரான்ஸ். புதுச்சேரிப் பள்ளி பிறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1821இல், பாரிசில் செவித்திறன் இழந்த பிள்ளைகளுக்கான நிறுவனத்தின் மருத்துவர் ஈதார், காது நோய்களைப் பற்றி இரண்டு தொகுதிகளாக ஒரு நூல் வெளியிட்டார். காதுக்கென்று எழுதப்பட்ட முதல் முறையான பாடநூல்களில் ஒன்று அது. அதே நிறுவனத்தில் அவருக்குப் பின் வந்த மெனியேர், தலைச்சுற்றலின் ஊற்று மூளையில் மட்டுமல்ல, உட்காதிலும் இருக்கலாம் என்று 1861இல் அறிவித்தார். இன்றும் நம் புறநோயாளிப் பிரிவில் தலையைப் பிடித்துக்கொண்டு வருபவரின் சீட்டில் நாம் எழுதுவது அவர் பெயரைத்தான்.

குரல்வளையை உயிருள்ள மனிதரிடம் கண்ணால் பார்த்துப் பதிவு செய்து புகழ்பெற்றவர் மருத்துவரே இல்லை. மானுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார். 1854இல் பாரிசில், பல் மருத்துவர் வைத்திருப்பதுபோல் நீண்ட காம்புள்ள சிறு கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கைக்கண்ணாடியால் வெயிலைத் திருப்பி உள்ளே விட்டு, தன் குரல்நாண்கள் திறந்து மூடுவதைக் கண்டார். அடுத்த ஆண்டு அவருடைய கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. பாடுகிற குரல் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை ஒன்றுதான் அவரை அதுவரை கொண்டுபோயிற்று. மாணவர்களுக்கு இந்தக் கதையை நான் எப்போதும் சொல்வேன். பார்த்தவரும் பார்க்கப்பட்டவரும் அங்கே ஒருவரேதான். அந்தச் சில நிமிடங்களில் அவர் கண்டதை உலகத்தில் வேறு யாரும் காணவில்லை. எழுதிக் காட்டினார், மற்றவர்கள் நம்பினார்கள்.

போர்தோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே மூர் என்ற மருத்துவர் 1880இல் தொண்டை, காது, மூக்கு நோய்களுக்கென்றே ஓர் இதழ் தொடங்கினார். அதே ஊரில் ழோர்ழ் போர்ட்மான், மெனியேர் நோய்க்காக உட்காதின் நிணநீர்ப் பையைத் திறக்கும் அறுவையை 1926இல் செய்தார். புதுச்சேரிப் பள்ளியில் படித்தவர் கூடுதல் ஓராண்டுக்காகப் போய்ச் சேர வேண்டிய ஊர், எங்கள் துறையின் பெரிய ஊர்களில் ஒன்றாக இருந்தது.

1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1956இல் இந்திய அரசு மருத்துவப் பள்ளியை ஏற்று, தன்வந்திரி மருத்துவக் கல்லூரி என்று பெயரிட்டது. 1964 ஜூலை 13 முதல் அது ஜவாகர்லால் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையம், சுருக்கமாக ஜிப்மர். ஊருக்கு வெளியே கோரிமேட்டில் எழுந்த புதுக் கட்டடங்களுக்குக் கல்லூரி போயிற்று. வளாகத்துக்குப் பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது, இன்றும் அது தன்வந்திரி நகர்தான். முதலில் சென்னைப் பல்கலைக்கழகம், பிறகு புதுவைப் பல்கலைக்கழகம் என்று இணைப்பு மாறி, 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது ஜிப்மர். பெயர் மாற்றங்களை இத்துடன் விட்டுவிடுகிறேன். 1964ஆம் ஆண்டுப் பெயரில் 'முதுநிலை' என்ற சொல் வந்ததுதான் எங்களுக்கு முக்கியம். அறுவைப் பிரிவின் மூலையில் ஒதுங்கியிருந்த துறைகளெல்லாம் தனித்தனிப் பாடமாக, தனித்தனிப் பட்டமாகத் தலையெடுத்த காலம் அது. நகருக்குள் விக்தோர் சிமொனேல் வீதியில் இருக்கும் அரசுப் பொது மருத்துவமனையும் தன் பங்குக்கு நோயாளிகளை ஏற்றுக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்களுக்கு அது பெரியாஸ்பத்திரி. காதில் சீழ், மூக்கில் சதை, தொண்டையில் மீன்முள் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அந்த வாசல்தான்.

இந்த இடத்தில் நுண்ணோக்கிக்கு வருகிறேன். ஸ்டாக்ஹோமில் கார்ல் நைலேன் 1921இல் காது அறுவைக்கு முதன்முதலாக நுண்ணோக்கி வைத்தார். ஜெர்மனியின் ட்சைஸ் நிறுவனம் 1953இல் கொண்டுவந்த அறுவை நுண்ணோக்கிதான் உலகெங்கும் பரவியது. ஓட்டை விழுந்த செவிப்பறையை ஒட்டுப்போட்டுச் சரிசெய்வது, மூன்று மில்லிமீட்டர் அளவே உள்ள அங்கவடி எலும்பை எடுத்துவிட்டு மாற்று வைப்பது எல்லாம் அதற்குப் பிறகு கைகூடின. நான் முதுநிலை மாணவனாக இருந்தபோது எங்கள் மருத்துவமனையின் நுண்ணோக்கியில் பக்கவாட்டில் ஒரு குழாய் இருந்தது. ஒரே ஒரு கண் வைத்துப் பார்க்கும் குழாய். ஆசிரியர் அறுவை செய்ய, மாணவர் கழுத்தைக் கோணலாக்கி அதில் கண் பதித்து நிற்பார். இரண்டு மணி நேரம் அப்படி நின்றால் மறுநாள் கழுத்துத் திரும்பாது. ஆனாலும் அந்த இடத்துக்கு எங்களுக்குள் போட்டி இருந்தது. ஆசிரியர் பார்ப்பதையே, அவர் பார்க்கும் அதே கணத்தில் நானும் பார்த்தது அதுதான் முதல் முறை. "இதுதான் முகநரம்பு, இதைத் தொட்டால் இந்த அம்மாவால் நாளைக்கு ஒரு பக்கம் சிரிக்க முடியாது" என்று அவர் சொன்னபோது, வெள்ளையாக ஒரு கோடு போல எலும்புக்குள் ஓடிய அந்த நரம்பு என் கண்ணிலும் பட்டது. பாடநூலில் நூறு முறை படித்தது அன்றைக்குத்தான் எனக்குள் இறங்கியது.

பார்த்தால் மட்டும் போதாது, கை பழக வேண்டும். அதற்கு இருக்கிற ஒரே பள்ளிக்கூடம் பொட்டெலும்பு. டெம்போரல் போன் என்று நாங்கள் சொல்வது. உடல்தானம் செய்தவர்களின் மண்டையிலிருந்து பிரித்தெடுத்த அந்த எலும்பு உள்ளங்கையில் அடங்கிவிடும். அதற்குள் கேட்கும் நரம்பு, நிதானம் காக்கும் அரைவட்டக் குழல்கள், முகத்தை அசைக்கும் நரம்பு, மூளையிலிருந்து இரத்தத்தை இறக்கும் பெரிய சிரை, மூளைக்கு இரத்தம் ஏற்றும் தமனி எல்லாம் நெல் இடைவெளியில் ஒன்றையொன்று ஒட்டிப் போகின்றன. சிறு டிரில்லைப் பிடித்து, சொட்டுச்சொட்டாகத் தண்ணீர் விட்டபடி, காதுக்குப் பின்னால் இருக்கும் மேட்டிலிருந்து குடைந்து இறங்க வேண்டும். தேன்கூடு போன்ற அறைகள் திறந்துகொண்டே போகும். மூளையுறையை மூடியிருக்கும் தகட்டை நெருங்கும்போது டிரில்லின் ஓசை மாறும், கொஞ்சம் மெலிந்து மேலே ஏறும். அந்த ஓசை மாற்றத்தைக் கேட்டுக் கையை நிறுத்தத் தெரிந்தவர்தான் காது அறுவை நிபுணர். காதைக் காப்பாற்றுவதற்கான வித்தையின் ஒரு பாதியைக் காதால்தான் கற்கிறோம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

ஒரு மருத்துவர் உயிருள்ள காதில் டிரில் வைப்பதற்கு முன் எத்தனை எலும்பைக் குடைந்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். எண்ணிக்கை சொல்வது எளிது. என் அனுபவத்தில், தவறு செய்து முகநரம்பை ஒருமுறையாவது எலும்பில் வெட்டியிருக்க வேண்டும். வெட்டிய கணத்தில் வயிற்றுக்குள் ஒரு குளிர்ச்சி பரவும். அது இறந்தவரின் எலும்பு என்று தெரிந்தும் பரவும். அந்தக் குளிர்ச்சியைத் தாங்கள் அறியாத ஒருவருக்குத் தந்துவிட்டுப் போனவர்கள் உடல்தானம் செய்த அந்த மனிதர்கள். தொடர்கல்வி மலர்களில் புரவலர்களின் படங்கள் வரும். எனக்கு முதலில் நன்றி சொல்லத் தோன்றுவது அவர்களுக்குத்தான்.

இனி என் சொந்தத் தவறு ஒன்று. அப்போது நான் வேலை பார்த்த மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை. பாகூர்ப் பக்கத்திலிருந்து இரண்டரை வயதுப் பையனை அவன் அம்மா தூக்கிவந்தார். இருமல், இலேசான காய்ச்சல். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கும் பருவம். "வீட்டுல மல்லாட்டை தின்னுக்கிட்டு இருந்தான் சார், திடீர்னு புரையேறிச்சு, அப்புறம் சரியாப் போச்சு" என்று சொன்னார். சரியாகப் போயிற்று என்ற சொல்லை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். மார்பு எக்ஸ்ரே எடுத்தோம், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சளி என்று எழுதி, மருந்து கொடுத்து அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து வேறொரு மருத்துவமனையில் அவனுடைய வலது மூச்சுக்குழாயிலிருந்து பாதி மல்லாட்டைப் பருப்பை எடுத்தார்கள். பையன் பிழைத்தான்.

மல்லாட்டை எக்ஸ்ரேயில் தெரியாது. நாணயம் தெரியும், ஊக்கு தெரியும், பருப்பு தெரியாது. மூச்சை உள்ளிழுத்த நிலையில் எடுத்த படம் சரியாகவே இருக்கும். மூச்சை வெளிவிட்ட நிலையில் எடுத்தால், காற்று வெளியேற முடியாமல் ஒரு பக்க நுரையீரல் மட்டும் உப்பி நிற்பது பெரும்பாலும் தெரியும். பருப்பு ஈரத்தில் ஊறிப் பருக்கும், அதன் எண்ணெய் குழாயை அழற்சியாக்கும். புரையேறிய பிறகு பிள்ளை அமைதியாகிவிடும் அந்த இடைவேளைதான் நம்மை ஏமாற்றும் இடைவேளை. ஜெர்மனியில் கில்லியான் 1897இல் மூச்சுக்குழாய்க் கிளையிலிருந்து முதன்முதலாக ஓர் எலும்புத்துண்டைக் குழாய் விட்டு எடுத்தார். அமெரிக்காவில் செவாலியே ஜாக்சன் தம் வாழ்நாளில் நோயாளிகளின் தொண்டையிலிருந்தும் குழாயிலிருந்தும் எடுத்த 2,000க்கும் மேற்பட்ட பொருள்கள் பிலடெல்பியாவின் முட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாக இருக்கின்றன. இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும், தேர்வில் எழுதித் தேறியவன் நான்.

எனக்கு மூத்தவர் ஒருவர் அந்த மாதக் கூட்டத்தில் இதை நானே எடுத்துச் சொல்ல வேண்டும் என்றார். ஊரின் இ.என்.டி. மருத்துவர்களும் குழந்தை மருத்துவர்கள் சிலரும் மாலையில் கூடியிருந்தார்கள். மொத்தம் இருபது பேர் இருக்கலாம். படத்தைக் காட்டினேன், மருந்துகளைச் சொன்னேன். வயதான குழந்தை மருத்துவர் ஒருவர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா என்ன சொன்னாங்க, அப்படியே சொல்லுங்க தம்பி." சொன்னேன். கூடத்தில் யாரும் பேசவில்லை. பிறகு அவர் தம்முடைய பழைய கதை ஒன்றைச் சொன்னார். அதில் இருந்தது புளியங்கொட்டை. இன்னொருவர் சொன்னார், பேனா மூடி. அன்று இரவு பத்து மணிவரை கூட்டம் கலையவில்லை. மறுநாள் காலை என் மேசைக்கு எதிர்ச் சுவரில் 'அம்மா என்ன சொன்னார்?' என்று எழுதி ஒட்டினேன். ஓய்வு பெறும்வரை அது அங்கே இருந்தது.

தொடர்கல்வி என்றால் எனக்கு அந்த மாலைதான். அங்கே இரண்டாவது கண் என்பது குழாயும் கண்ணாடியும் இல்லை, என் பிழையைப் பார்த்த இன்னொருவரின் பார்வை.

கற்பிப்பதும் கற்க வேண்டிய தொழில் என்று இந்த ஊர் சீக்கிரமே உணர்ந்தது நமக்குப் பெருமை. 1970களின் நடுவில், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு ஜிப்மரில் தேசிய ஆசிரியர் பயிற்சி மையம் அமைந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மருத்துவப் பேராசிரியர்கள் வந்து மாணவர்களைப் போல் உட்கார்ந்தார்கள். ஒரு பாடத்தின் முடிவில் மாணவரால் எதைச் செய்ய முடிய வேண்டும் என்று முதலில் எழுது, பிறகு பேசு என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். 'செவிப்பறை ஓட்டைகளைப் பற்றி' என்று தலைப்பிட்டு ஒரு மணி நேரம் பேசிய நாங்கள், 'ஆபத்தான ஓட்டையையும் ஆபத்தில்லாத ஓட்டையையும் பிரித்தறிய' என்று தலைப்பை மாற்றினோம். தலைப்பு மாறியதும் பேச்சு பாதியாகச் சுருங்கியது, கேட்பவர் கையில் காதுநோக்கி வந்தது.

அதே காலத்தையொட்டி உலகில் மூக்கின் கதை மாறிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் ஹாப்கின்ஸ் வடிவமைத்த கண்ணாடித் தண்டு எண்டோஸ்கோப்பை ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மெசர்கிளிங்கர் மூக்குக்குள் செலுத்தி, சளி எந்தத் திசையில் நகர்கிறது, எங்கே அடைத்துக்கொள்கிறது என்று ஆண்டுக்கணக்கில் பார்த்தார். 1980களின் நடுவிலிருந்து அந்த அறிவு ஓர் அறுவை முறையாகி, நம் நாட்டுக்கும் வந்தது. முதலில் அதுவும் ஒற்றைக்கண் வேலையாகத்தான் இருந்தது. எண்டோஸ்கோப்பின் நுனியில் கண் வைத்துக் குனிந்து செய்வோம். பிறகு அதில் கேமரா மாட்டினார்கள், அறையில் டிவி வந்தது. அந்த நாளில் எங்கள் துறையின் இருட்டு போயிற்று என்று எழுதினால் மிகையாகாது. செவிலியர், மயக்க மருத்துவர், மாணவர், வாசலில் நின்ற உதவியாளர் எல்லோரும் ஒரே சமயத்தில் மூக்கின் உள்ளறையைப் பார்த்தார்கள். "கண் பக்கம் போறீங்க சார்" என்று செவிலியரே எச்சரிக்க முடிந்தது. கண்குழிக்கும் மூக்குக்கும் நடுவே இருக்கும் எலும்பு அவ்வளவு மெல்லியது, அதன் லத்தீன் பெயரிலேயே காகிதம் என்ற சொல் இருக்கிறது. அதைத் தாண்டினால் பார்வை போகலாம். மேலே தாண்டினால் மூளை. நேரடி அறுவையைப் பெரிய கூடத்தில் திரையிட்டு நூறு பேர் பார்க்கும் பயிலரங்குகள் பெருகியது இதன் பிறகுதான்.

இப்போது நம் 293 சதுர கிலோமீட்டர் புதுச்சேரிப் பகுதியில் காலாப்பட்டிலிருந்து கிருமாம்பாக்கம் வரை, கதிர்காமத்திலிருந்து மதகடிப்பட்டு வரை மருத்துவக் கல்லூரிகள். ஒவ்வொன்றிலும் இ.என்.டி. துறை. இவ்வளவு சிறிய நிலத்தில் இத்தனை பயிற்சி மேசைகள் கிடைக்கும் ஊர் அரிது. ஆனாலும் நிகழ்ச்சி நிரல்களைப் பார்க்கும்போது எனக்கு ஒரு மனக்குறை. லேசர், நேவிகேஷன், ரோபோ என்று தலைப்புகள் நிறைகின்றன. அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குளத்தில் குளிப்பவர்களின் மூக்கில் ஸ்ட்ராபெரிப் பழம்போல் தொங்கும் ரைனோஸ்போரிடியம் சதை, ஆண்டுக்கணக்கில் சீழ் வடியும் பிள்ளையின் காது, மூக்கில் புழு வைத்த முதியவர், காதின் மேல் மடலில் நாகரிகத்துக்காகக் குத்திக்கொண்டு குருத்தெலும்பு அழுகி வரும் கல்லூரிப் பெண் என்று நம் வாசலில் நிற்பவர்களுக்கும் இடம் இருக்க வேண்டும். சென்னையில் எஸ். காமேஸ்வரனும் மகன் மோகன் காமேஸ்வரனும் வெப்பமண்டலச் சூழலின் இ.என்.டி. நோய்களுக்கென்றே ஒரு நூல் தந்தது அந்தக் காரணத்தால்தான். வெளிநாட்டுப் பாடநூலில் அரைப்பக்கம் பெறும் நோய் நமக்கு ஒரு முழுக் காலைப்பொழுது.

விதி என்னவோ எளியது. 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக நடத்தை விதிகள், ஒரு மருத்துவர் ஐந்து ஆண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர்கல்வியில் பங்குபெற வேண்டும் என்றன. ஆண்டுக்கு 6 மணி நேரம். ஒரு பொட்டெலும்பை ஒழுங்காகக் குடைந்து முடிக்கவே அந்த நேரம் போய்விடும். சான்றிதழைக் காலையிலேயே வாங்கிக்கொண்டு மதிய உணவுக்குப் பிறகு காணாமல் போகிறவர்களைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன். மணிக்கணக்கு வருகைப் பதிவேட்டில் ஏறும், கைக்கு ஏறாது.

கற்க வேண்டியவர்களின் இன்னொரு வரிசை இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் பேச வேண்டும். இந்த ஒன்றியப் பகுதி ஓர் ஊர் அல்ல. காரைக்கால் 130 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, மாஹே மலையாளக் கரையில், ஏனாம் கோதாவரிக் கரையில். அங்கேயும், நம் மண்ணாடிப்பட்டு, திருக்கனூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் காதைப் பார்க்கிறவர் பொது மருத்துவர்தான், பல நேரம் செவிலியர்தான். மத்திய அரசு 2006-07இல் முன்னோட்டமாகத் தொடங்கிய தேசிய காதுகேளாமைத் தடுப்புத் திட்டம் இவர்களைத்தான் குறிவைத்தது. நிபுணரிலிருந்து கிராம சுகாதாரப் பணியாளர்வரை அவரவர்க்கு ஏற்ற பயிற்சி. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கை, 2050க்குள் சுமார் 250 கோடிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் கேட்கும் திறன் குறைந்திருக்கும் என்று கணிக்கிறது. இத்தனை பேரையும் நிபுணர்கள் மட்டும் பார்த்துத் தீராது.

அத்தகைய பயிற்சிகளில் நான் வகுப்பெடுத்திருக்கிறேன். சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான். வடியும் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள், தாய்ப்பாலும் வேண்டாம். ஊக்கும் கோழி இறகும் காதுக்கு உள்ளே போகக் கூடாது. சுத்தமான பஞ்சைத் திரியாக முறுக்கி ஈரத்தை ஒற்றி எடுங்கள். காதுக்குப் பின்னால் வீங்கினால், சீழோடு தலைவலியோ மயக்கமோ வந்தால், அன்றைக்கே அனுப்புங்கள். கைத்தட்டலுக்குத் திரும்பாத குழந்தையை 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு' என்று சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள். காது கேளாத குழந்தைக்கு ஒவ்வொரு மாதமும் மதிப்புள்ளது. பாரிசில் ஜூர்னோவும் எய்ரியேயும் 1957இல் கேட்கும் நரம்பை மின்சாரத்தால் தூண்டிக் காட்டினார்கள். அதன் வழியில் வந்த காக்ளியர் இம்ப்ளான்ட் இன்று அரசு உதவியோடு ஏழைப் பிள்ளைகளுக்கும் கிடைக்கிறது. மத்திய அரசின் உதவித் திட்டம் ஐந்து வயதுக்குள் வர வேண்டும் என்கிறது. அந்தப் பிள்ளையை முதலில் சந்தேகப்பட வேண்டியவர் திருக்கனூர்ச் செவிலியர். கோரிமேட்டில் இருக்கும் அறுவை நிபுணர் அவருக்குப் பிறகுதான் வருகிறார். ஒரு பயிற்சியின் முடிவில் செவிலியர் ஒருவர் என்னிடம், "இதை எங்களுக்கு ஏன் சார் இத்தனை வருஷம் யாரும் சொல்லல?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

2021ஆம் ஆண்டு கோடையை எழுதாமல் இந்த வரலாறு முடியாது. கொரோனா இரண்டாம் அலையின் பின்னாலேயே கறுப்புப் பூஞ்சை வந்தது. சர்க்கரை ஏறிய உடம்பு, ஸ்டீராய்டு, மூக்கின் பக்க அறைகளில் தொடங்கிக் கண்ணுக்கும் மூளைக்கும் ஏறும் பூஞ்சை. பணிக்காலம் முழுவதிலும் ஓரிரு நோயாளிகளையே பார்த்திருந்தவர்கள் ஒரு வாரத்தில் அதைவிட அதிகம் பார்த்தார்கள். ஆம்போடெரிசின் மருந்துக்கு நாடெங்கும் தட்டுப்பாடு. அறுவை எந்த அளவுக்குப் போக வேண்டும், கண்ணை எப்போது எடுக்க வேண்டும் என்று பாடநூலில் தெளிவான பதில் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு இணையத்தில் கூடினார்கள். கோவை, மதுரை, வேலூர், புதுச்சேரி, அகமதாபாத் என்று எல்லா ஊர் மருத்துவர்களும் அன்றைக்கு எடுத்த எண்டோஸ்கோப் படங்களை ஒருவருக்கொருவர் காட்டினார்கள். நடுமூக்கு எலும்பு கறுத்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா, தொட்டால் இரத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டார்கள். கறுப்பதற்கு முன் வெளுக்கும், வெளுப்பைப் பார்த்ததுமே எடு என்ற அறிவு அப்படித்தான் கைமாறியது. அங்கே யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. நான் ஓய்வு பெற்றவன், பேசாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை அறுவை அறைக்குள் போக வேண்டிய பிள்ளைகளின் முகங்கள் அந்தச் சின்னக் கட்டங்களில் தூக்கமில்லாமல் தெரிந்தன.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொட்டெலும்புப் பயிலரங்கு ஒன்றுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பத்து மேசை, மேசைக்கு ஒரு நுண்ணோக்கி, கிண்ணத்தில் தண்ணீரில் ஊறிய எலும்பு. காரைக்காலிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்திருந்த ஒரு பெண் மருத்துவர் ஏழாம் மேசையில் உட்கார்ந்திருந்தார். முகநரம்புக்கும் செவிப்பறை நரம்புக்கும் நடுவே இருக்கும் முக்கோண வழியைத் திறக்க வேண்டும், காக்ளியர் இம்ப்ளான்ட்டின் மின்முனை போகும் வழி அது, சில மில்லிமீட்டர்தான். தடுமாறினார். பக்கத்தில் இருந்த திரையில் அவர் டிரில்லின் நுனி தெரிந்தது. பக்கத்து மேசையிலிருந்து ஓர் இளைஞர் எழுந்து வந்து திரையைப் பார்த்து, "மேடம், கொஞ்சம் மேல, இங்கஸ் நுனியப் பாத்துக்கிட்டே வாங்க" என்றார். அந்தப் பெண் மருத்துவர் டிரில்லை எடுத்துவிட்டு, தண்ணீர் விட்டுக் கழுவி, மறுபடி பார்த்தார். பிறகு நாற்காலியை ஓரமாக நகர்த்தி அந்த இளைஞருக்கு இடம் விட்டு, "உட்காருங்க, சேர்ந்தே பாக்கலாம்" என்றார்.